ராயபுரத்தில் ஒரு சி.ஆர்.பி ரிப்போர்ட்... பெங்களூரில் ஒரு மேப்! - செல்களின் பேச்சைப் படித்தெடுத்தவர்களின் கதை

2020 மே மாதம். கொரோனா முதல் அலை. சென்னை மாநகராட்சி மண்டலவாரியாக வெளியிட்ட பட்டியலில் பல நாள்கள் முதலிடத்தில் இருந்த பெயர், ராயபுரம். தகரம் அடித்து மூடிய தெருக்கள், வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகள், ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய் வந்தபடியே இருந்த ஆம்புலன்ஸ்கள்... வடசென்னைக்காரர்கள் யாரும் அந்த நாள்களை மறந்திருக்க மாட்டார்கள்.

அதுவரை டாக்டர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த சில வார்த்தைகள் அப்போதுதான் வீட்டு வாசலுக்கு வந்தன. ஆக்சிஜன் அளவு, டி-டைமர், சி.ஆர்.பி, ஐ.எல்-6. லேப் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "சி.ஆர்.பி 90-னு இருக்கே, பயப்படணுமா மாமா?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அடுத்த ஆண்டு இரண்டாவது அலையில், டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்தைத் தேடி ஊரே அலைந்தது. ஒரு டோஸ் சுமார் 40,000 ரூபாய். பணம் இருந்தவர்களுக்கும் மருந்து கிடைக்கவில்லை.

அந்த சி.ஆர்.பி எண்ணுக்கும் அந்த ஊசிக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. சி.ஆர்.பி என்பது நம் கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். அதைத் தயாரிக்கச் சொல்லிக் கல்லீரலுக்கு ஆர்டர் போடுவது ஐ.எல்-6 என்கிற இன்னொரு புரதம். அந்த ஆர்டர் கல்லீரல் செல்லுக்குள் போய்ச் சேருவதைத்தான் டோசிலிசுமாப் தடுக்கிறது.

ஆர்டர் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, நடுவில் எத்தனை கை மாறுகிறது, எங்கே நிறுத்தலாம்... இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எழுதி, 'இதற்கு இந்த ஆய்வுக் கட்டுரைதான் ஆதாரம்' என்று பக்கத்திலேயே குறித்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்த ஒரு குழு இருக்கிறது. அவர்கள் அதைச் செய்தது கொரோனாவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு. இடம், பெங்களூரு.

காசிமேட்டில் ஒரு போன்கால்

செல்கள் பேசிக்கொள்ளுமா? பேசும். வாயால் அல்ல, புரதங்களால்.

காசிமேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும் விசைப்படகில் நல்ல பாடு. கரையில் இருக்கும் ஓனருக்குத் தகவல் வருகிறது. அவர் ஐஸுக்குச் சொல்கிறார். ஏலம் விடுபவருக்குச் சொல்கிறார். கூடை தூக்குகிறவர்கள் வந்துவிடுகிறார்கள், மீன் வண்டி வந்து நிற்கிறது. கடலில் இருந்து வந்தது ஒரே தகவல்தான். அது கரையில் பத்துப் பேரை வேலை செய்ய வைத்துவிட்டது. போதுமான வண்டி வந்துவிட்டால், 'இனி வேண்டாம்' என்றும் ஒருவர் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் துறைமுக வாசலே அடைத்துக்கொள்ளும்.

செல்லிலும் இதே கதை. வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து, செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ரிசப்டர் என்ற வாங்கியில் உட்கார்கிறது. ரிசப்டர் உள்ளே இருக்கும் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அது இன்னொன்றின் மேல் பாஸ்பேட் என்ற சின்ன ரசாயனத் துண்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டப்பட்ட புரதம் வேலையைத் தொடங்குகிறது. கடைசியில் தகவல் செல்லின் நியூக்ளியஸுக்குள் போய், சில ஜீன்களை ஆன் செய்கிறது. சிலவற்றை ஆஃப் செய்கிறது. இந்த மொத்தச் சங்கிலிக்குத்தான் சிக்னல் பாதை என்று பெயர்.

ஐ.எல்-6 பாதையையே பார்க்கலாம். ஐ.எல்-6 முதலில் தன் ரிசப்டரைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து ஜி.பி.130 என்ற இன்னொரு புரதத்தைக் கூட்டுச் சேர்க்கின்றன. செல்லுக்குள்ளே ஜி.பி.130-ஐ ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஜாக்' குடும்பப் புரதங்கள் விழிக்கின்றன. அவை ஸ்டாட்-3 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டுகின்றன. ஸ்டாட்-3 ஜோடி சேர்ந்து நியூக்ளியஸுக்குள் நுழைகிறது. கல்லீரல் செல்லாக இருந்தால், அங்கே சி.ஆர்.பி தயாரிப்பு எகிறுகிறது. கூடவே சாக்ஸ்-3 என்ற புரதமும் உருவாகிறது. அதன் வேலை, திரும்பி வந்து ஜாக்கின் கையைப் பிடித்து 'போதும்' என்பது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற சிக்னலே பிரேக்கையும் தயாரித்துக்கொள்கிறது!

கொரோனா முற்றிய நோயாளிகள் பலருக்கு இந்த பிரேக் போதவில்லை. வைரஸைவிட, அதை எதிர்க்கக் கிளம்பிய சிக்னல்களின் கூச்சலே நுரையீரலை அதிகம் பாதித்தது.

3 லட்சம் கட்டுரைகள்... படித்தது மனிதர்கள்!

இப்படி ஒரு பாதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், இந்த நான்கு வரி எந்தப் புத்தகத்திலும் முழுசாக ஒரே இடத்தில் பிறக்கவில்லை. ஜப்பானில் ஒரு ஆய்வகம் ஒரு கண்ணியைக் கண்டுபிடித்திருக்கும். அமெரிக்காவில் இன்னொன்று. ஜெர்மனியில் ஒருவர், 'அது தவறு, நடுவில் இன்னொரு புரதம் இருக்கிறது' என்று எழுதியிருப்பார். ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் விஷயம் இது.

அதை ஒன்றுசேர்க்க ஒரே வழிதான் இருந்தது. உட்கார்ந்து படிப்பது.

2002-ல் பெங்களூரு சர்வதேச டெக்னாலஜி பார்க்கில் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற லாபநோக்கமற்ற ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அகிலேஷ் பாண்டே. புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். ஐ.டி கம்பெனிகள் நிறைந்த அந்த வளாகத்தில், உயிரியல் படித்தவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கோடு எழுதவில்லை, கட்டுரை படித்தார்கள்.

முதல் அறுவடை 2003-ல் வந்தது. மனிதப் புரதங்களின் ஆதாரத் தொகுப்பான ஹெச்.பி.ஆர்.டி என்ற டேட்டாபேஸ். முதல்கட்டமாக 2,750 மனிதப் புரதங்கள். ஒவ்வொன்றும் உடலில் எங்கே இருக்கும், யாரோடு சேரும், எந்த நோயோடு தொடர்பு என்ற விவரங்கள். இதற்காக உயிரியலாளர்கள் படித்துப் பொருள் புரிந்துகொண்ட கட்டுரைகளின் எண்ணிக்கை 3 லட்சத்துக்கும் மேல் என்று அவர்களின் ஆய்வறிக்கை சொல்கிறது. எழுத்துப்பிழை இல்லை, 3 லட்சம்தான். 2010-ல் வந்த ஒன்பதாவது பதிப்பில் புரதப் பதிவுகள் 30,000-ஐத் தாண்டின. எந்தப் புரதம் எதனுடன் சேரும் என்ற ஜோடிகள் மட்டும் 41,000-க்கு மேல்.

ஆனால், யார் யாருக்குச் சொந்தம் என்ற பட்டியல் வேறு. யார் யாருக்கு என்ன தகவல் சொன்னார்கள் என்பது வேறு. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்து வந்தவர்கள் பெயர் தெரிந்துகொள்ளலாம். அங்கே நடந்த பேச்சுவார்த்தை அதில் இருக்காது. அந்தப் பேச்சைத் தொகுக்கத்தான் அதே நிறுவனம் 'நெட்பாத்' என்ற அடுத்த டேட்டாபேஸை உருவாக்கியது. குமரன் கந்தசாமி முதல் ஆசிரியராக இருக்க, 2010 ஜனவரியில் ஜீனோம் பயாலஜி இதழில் அதன் ஆய்வுக் கட்டுரை வெளியானது. முதல்கட்டமாகப் புற்றுநோயோடு தொடர்புள்ள 10 பாதைகள், நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள 10 பாதைகள். ஐ.எல்-6 அந்த இரண்டாவது பத்தில் ஒன்று. நோய் எதிர்ப்புப் பாதைகளில் மட்டும் சுமார் 1,600 வினைகள், அவற்றால் கூடவோ குறையவோ செய்யும் ஜீன்கள் பற்றிய 2,800-க்கும் மேற்பட்ட பதிவுகள். ஆதாரமாக 5,500-க்கும் அதிகமான கட்டுரைகள்.

ஒரே ஆள்... நாலு பெயர்!

கட்டுரையைப் படித்து, 'அ என்ற புரதம் ஆ-வைத் தூண்டுகிறது' என்று டைப் செய்வதில் என்ன கஷ்டம்?

முதல் கஷ்டம், பெயர். காசிமேடு என்று ஒருவர் சொல்வார், ராயபுரம் மீன்பிடித் துறைமுகம் என்று இன்னொருவர் சொல்வார். சென்னை மீன்பிடித் துறைமுகம் என்று அரசாணையில் இருக்கும். மூன்றும் ஓரிடம்தான் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் மூன்று துறைமுகம் இருப்பதாக எழுதிவிடுவார். ஐ.எல்-6 விஷயத்திலும் இதுவே நடந்தது. பி-செல்களை வளர்க்கும் பொருள் என்று ஓர் ஆய்வகம் ஒரு பெயர் வைத்தது. கல்லீரலைத் தூண்டும் பொருள் என்று மற்றொன்று. இன்டர்ஃபெரான் பீட்டா-2 என்றும் ஒரு பெயர். ஜப்பானின் ஒசாகா குழு 1986-ல் அதன் ஜீனைப் பிரித்தெடுத்த பிறகுதான், இவை எல்லாம் ஒரே ஆள் என்பது தெளிவானது. பழைய கட்டுரைகளில் பழைய பெயர்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான தொல்லை இன்னும் மோசம். 'பி-21' என்று ஒரு கட்டுரையில் வந்தால், அது செல் பெருகுவதை நிறுத்தும் புரதமாக இருக்கலாம். அல்லது, செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் புரதத்தின் பழைய பெயராக இருக்கலாம்! ஒன்று பிரேக், இன்னொன்று ஆக்ஸிலேட்டர். மாற்றி எழுதினால் மேப் தலைகீழ்.

இரண்டாவது, சோதனை எதில் நடந்தது? மனித செல்லிலா, எலியிலா? தலைப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே, 'செய்முறை' பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும். மூன்றாவது, 'சேர்கிறது' என்றால் நேரடியாகச் சேர்கிறதா, நடுவில் வேறொருவர் இருக்கிறாரா? புரதத்தின் எந்த இடத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது? ஒட்டியதும் ஆன் ஆகிறதா, ஆஃப் ஆகிறதா?

நெட்பாத்தில் இதையெல்லாம் பதிவிட 'பாத்பில்டர்' என்ற சாஃப்ட்வேரை அவர்களே எழுதினார்கள். ஒருவர் பதிவிட்டதைக் குழுவில் மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். முடிந்த பாதையை, அந்தத் துறையில் கரைகண்ட வெளி விஞ்ஞானி ஒருவர் பார்த்துத் திருத்துவார். பாதை பெரிதாகிப் பெரிதாகி இடியாப்பச் சிக்கலாகத் தெரிந்தபோது, வலுவான ஆதாரம் உள்ள வினைகளை மட்டும் வடிகட்டி 'நெட்ஸ்லிம்' என்று ஒரு மெலிந்த பதிப்பும் 2011-ல் வெளியிட்டார்கள்.

இப்போது ஏ.ஐ இருக்கிறதே, அதையே படிக்கச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்லவும் செய்கிறார்கள். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால், 'பி-21' எந்த பி-21 என்ற இடத்தில் அதுவும் தடுமாறுகிறது. கடைசியாக ஒரு மனிதக் கண் பார்த்த பதிவுக்கு இன்றும் மதிப்பு அதிகம்.

ஒரு பாதை, மூன்று பூட்டு

நெட்பாத்தான் டோசிலிசுமாப்பைக் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது பொய். ஒசாகாவில் ஐ.எல்-6 ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து, 2005-லேயே ஜப்பானில் ஓர் அரிய நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. பிறகு மூட்டுவாதத்துக்கும் வந்தது. ஆனால், 2020-ல் புதிதாக ஒரு நோய் வந்து நின்றபோது, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கையில் எடுத்தது இதுபோன்ற தொகுப்புகளைத்தான். இருக்கிற மருந்துகளில் எது இந்தச் சங்கிலியில் எந்த இடத்தைத் தொடும் என்று தேட, சங்கிலி முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

ஐ.எல்-6 பாதையில் மூன்று இடங்களில் பூட்டு போட்டுப் பார்த்தார்கள். டோசிலிசுமாப் வாசலிலேயே, ரிசப்டரில். டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு கடைசியில், நியூக்ளியஸுக்குள் ஜீன்கள் ஆன் ஆகும் இடத்தில், அது ஐ.எல்-6-க்கு மட்டுமல்ல, பல சிக்னல்களுக்குச் சேர்த்தே போடும் பூட்டு. நடுவில் ஜாக் புரதத்துக்குப் பூட்டு போட்டது பாரிசிட்டினிப் என்ற மாத்திரை.

இந்த மூன்றாவது கதைதான் சுவாரஸ்யம். பாரிசிட்டினிப், மூட்டுவாத மாத்திரை. மருத்துவக் கட்டுரைகளையும் டேட்டாபேஸ்களையும் ஒரே வலையாகப் பின்னி வைத்திருந்த லண்டன் ஏ.ஐ நிறுவனமான பெனவலன்ட்ஏஐ அந்த வலையில் தேடி, 'இது கொரோனாவுக்கு உதவலாம்' என்று லான்செட் இதழில் எழுதியது 2020 பிப்ரவரி தொடக்கத்தில். சென்னையில் முதல் ஊரடங்குக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது! வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கலாம் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். ஜாக் புரதத்தை அடக்குவதால் அழற்சி குறையும் என்பது கூடவே இருந்தது. 2021 மே மாதம், இரண்டாவது அலையின் உச்சத்தில், இந்தியாவில் ரெம்டெசிவிருடன் சேர்த்துக் கொடுக்க அவசர அனுமதி கிடைத்தது. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

எல்லாப் பூட்டும் எல்லோருக்கும் இல்லை. பிரிட்டனின் ரெகவரி பரிசோதனையில் 4,116 பேரிடம் டோசிலிசுமாப் சோதிக்கப்பட்டது. ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி 75-ஐத் தொட்டவர்களே சேர்க்கப்பட்டார்கள். மருந்து பெறாத குழுவில் 100-க்கு 35 பேர் இறந்தார்கள். பெற்ற குழுவில் 31. நாலே பேர்தான் வித்தியாசமா என்றால், ஆம். அந்த நாலு பேரின் வீட்டில் அது சின்ன எண் இல்லை. அதேசமயம், மிதமான பாதிப்பு இருந்தவருக்காக நகையை அடகு வைத்து இந்த ஊசியைத் தேடி ஓடிய குடும்பங்களுக்கு, அது தேவையே இல்லாத ஓட்டம்.

ஜீரோ கேட்டைத் தாண்டிய லாரி

பூட்டு எங்கே போடுகிறோம் என்பது புற்றுநோயில் இன்னும் பளிச்சென்று தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தெரியும்தானே? துறைமுகத்துக்குள் லாரி போகக் கூடாது என்றால் ஜீரோ கேட்டை மூடலாம். ஆனால், லாரி ஏற்கெனவே கேட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால்?

குடல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற ரிசப்டர்தான் கேட். செடுக்ஸிமாப் என்ற மருந்து அந்த கேட்டை மூடுகிறது. சிலருக்கு நன்றாக வேலை செய்தது, பலருக்குச் செய்யவே இல்லை. காரணம் 2008 வாக்கில் தெளிவானது. குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 சதவிகிதம் பேருக்கு, அந்த கேட்டுக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் கே-ராஸ் என்ற புரதமே கெட்டுப்போய், எப்போதும் ஆன் நிலையில் இருக்கிறது. கேட்டை மூடி என்ன பயன்? இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன் ராஸ் பரிசோதனை செய்வது வழக்கமாகிவிட்டது. டாக்டர் 'ஜீன் டெஸ்ட் எடுங்க' என்றால் பணம் பிடுங்குகிறார்கள் என்று உடனே கோபப்பட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணூர் எண்ணெயும் தரமணி டேட்டாபேஸும்

செல்லுக்குச் சிக்னல் கொடுப்பவை உடலின் சொந்தப் புரதங்கள் மட்டும் அல்ல. வெளியிலிருந்து வரும் ரசாயனங்களும் அதே கதவைத் தட்டும். வடசென்னையில் இதைப் பேசாமல் நகர முடியாது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு. எண்ணூர் முகத்துவாரத்தில் கறுத்துப்போன படகுகளும் வலைகளும். கொசஸ்தலை ஆற்றில் மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிய காட்சிகள் செய்திகளில் ஓடின. தோல் அரிப்பு, கண் எரிச்சல் என்று பலர் சொன்னார்கள்.

கச்சா எண்ணெயில் பாலி ஆரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் என்ற வகை ரசாயனங்கள் உண்டு. நம் செல்லுக்குள் ஏ.ஹெச்.ஆர் என்ற ரிசப்டர் இவற்றுக்காகவே காத்திருப்பதுபோல் இருக்கிறது. ரசாயனம் வந்து ஒட்டியதும் அது நியூக்ளியஸுக்குள் போய், நச்சை உடைக்கும் என்சைம்களைத் தயாரிக்கும் ஜீன்களை ஆன் செய்கிறது. நல்லதுதானே என்றால், எப்போதும் இல்லை. பென்சோபைரீன் போன்ற சிலவற்றை உடைக்கும்போது கிடைக்கும் துண்டு, மூலப்பொருளைவிட ஆபத்தானது. அது டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொள்ளும்.

எந்த ரசாயனம், எந்த ரிசப்டர், உடலில் என்ன விளைவு... இந்தத் தொகுப்பு வேலை நம் சென்னையிலேயே நடக்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில், அரீஜித் சமல் தலைமையிலான குழு 2019-ல் 'டிடக்ட்' என்ற டேட்டாபேஸை வெளியிட்டது. ஹார்மோன் சிக்னல்களைக் குழப்பக்கூடிய 686 ரசாயனங்கள். மனிதர்களிடமோ எலிகளிடமோ நடந்த சோதனைகள் பற்றிய 1,796 கட்டுரைகள் ஆதாரம். பெங்களூருக் குழுபோலவே இவர்களும் வரிவரியாகப் படித்து எடுத்ததுதான். பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்கள் உயிரினங்களில் எந்தெந்தப் பாதை வழியாக விளைவை ஏற்படுத்துகின்றன என்று, இருக்கிற தரவுகளை வைத்து ஒரு வலைப்பின்னலையும் 2024-ல் இந்தக் குழு வெளியிட்டது.

இந்த டேட்டாபேஸைத் திறந்து, 'எர்ணாவூரில் இன்னாருக்கு இந்த நோய் அந்த எண்ணெயால் வந்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு வீடு வீடாகப் போய், ரத்தம் எடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அந்தச் சோதனை நடக்கும் நாளில் ரத்தத்தில் எதைத் தேடுவது, எந்த ஹார்மோனை அளப்பது என்ற பட்டியல் தயாராக இருக்கும். அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை.

பழைய மேப்பை நம்பி...

இவ்வளவு பயனுள்ள வேலைக்குக் காசு கொட்டுகிறதா? இல்லை. புதுக் கண்டுபிடிப்புக்கு நிதி கேட்டால் கிடைக்கும். 'ஏற்கெனவே வரைந்த மேப்பை அப்டேட் செய்ய ஐந்து பேருக்குச் சம்பளம் வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள், கொடுப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

உலகம் முழுக்க இதே நிலைமைதான். ஜப்பானின் கியோட்டோவில் 1995-ல் மினோரு கனேஹிசா தொடங்கிய 'கெக்', இந்தத் துறையின் மூத்த டேட்டாபேஸ்களில் ஒன்று. அரசு நிதி குறைந்ததும், 2011-ல் மொத்தத் தரவைத் தரவிறக்குவதற்குக் கட்டணம் வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2006-ல் தொடங்கிய பாதைத் தொகுப்பில் 2012-க்குப் பிறகு புதிய பதிவுகள் சேர்க்கப்படவில்லை. பெங்களூரின் ஹெச்.பி.ஆர்.டி-யிலும் 2010-ன் ஒன்பதாம் பதிப்புதான் கடைசி. அந்த நிறுவனத்தின் கவனம் மெல்ல நேரடிப் புரத ஆய்வுக்குத் திரும்பியது. 2014-ல் 17,000-க்கும் மேற்பட்ட ஜீன்களின் புரதங்களைக் கண்டறிந்து, மனிதப் புரதங்களின் முதல் வரைவு மேப்பை நேச்சர் இதழில் வெளியிட்ட குழுவிலும் அவர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள். அது பெரிய சாதனை. ஆனால், படித்துத் தொகுக்கும் நாற்காலி காலியானால், மேப் அந்தத் தேதியிலேயே நின்றுவிடும்.

நின்றுபோன மேப்பால் என்ன கெடுதல்? மெட்ரோ வருவதற்கு முந்தைய மேப்பை வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் வழி தேடினால் என்ன ஆகுமோ, அதேதான். கனடா ஆய்வாளர்கள் 2016-ல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். 2015-ல் வந்த சுமார் 3,900 ஆய்வுக் கட்டுரைகளில் 67 சதவிகிதம், அப்டேட் ஆகாத ஒரு கருவியைப் பயன்படுத்தியிருந்தன. புதிய தொகுப்புகளில் கிடைக்கும் பாதைகளிலும் உயிரியல் செயல்பாடுகளிலும் 26 சதவிகிதத்தைத்தான் அதனால் காட்ட முடிந்தது. ரத்தமும் திசுவும் கொடுத்த நோயாளிகள், லட்சக்கணக்கில் செலவு, ஆண்டுக்கணக்கில் உழைப்பு... எல்லாம் சரி, கடைசியில் பார்த்த மேப் பழசு!

இப்போது உயிர்ப்போடு இருப்பவற்றில் பெரியது, அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஆய்வு மையங்கள் சேர்ந்து நடத்தும் 'ரியாக்டோம்'. 2,500-க்கும் மேற்பட்ட பாதைகள், 11,000-க்கும் மேற்பட்ட மனிதப் புரதங்கள் அதில் இருக்கின்றன. மனித உடலில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் சுமார் 20,000. ஆக, கிட்டத்தட்ட பாதிப் பேர் இன்னும் மேப்பிலேயே இல்லை.

2008-ல் தொடங்கிய 'விக்கிபாத்வேஸ்' வேறு வழியைப் பிடித்தது. விக்கிபீடியாபோல யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கிப் பாதையை வரையலாம், திருத்தலாம். தெரிந்தவர்கள் சரிபார்த்து ஏற்பார்கள். நெட்பாத்தும் நெட்ஸ்லிமும் வரைந்த பாதைகள் பலவும் இப்போது அங்கே இருக்கின்றன. ஆஸ்துமாவோடு தொடர்புள்ள டி.எஸ்.எல்.பி என்ற புரதத்தின் பாதையும் அவற்றில் ஒன்று. அதன் ஆய்வறிக்கை 2014-ல் வந்தது. அதே டி.எஸ்.எல்.பி-யைத் தடுக்கும் டெசிபெலுமாப் என்ற ஊசி, கடுமையான ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021 டிசம்பரில்.

அந்தப் பாதைகளை போனிலேயே திறந்து பார்க்கலாம். கட்டங்கள், அம்புக்குறிகள், கீழே ஆதாரக் கட்டுரைகளின் பட்டியல். படத்தோடு இருக்கும் விவரக்குறிப்பில் நெட்ஸ்லிம் என்ற பெயரும், யார் எந்தத் தேதியில் எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறும் இருக்கும். தவறு கண்ணில் பட்டால் சொல்வதற்கும் அங்கே வழி இருக்கிறது.